கையும் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "விழாவில் தாங்கள் அறிவியல் முன்னேற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் சர்க்கார் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்ததைத் தவிர அறிவியலுக்கும் எனக்கும் வேறு உறவு இல்லை என்று தெரிவித்தேன். "பாதகமில்லை, தங்களுக்கு முன் நான் கேட்ட மூவரும் மறுத்துவிட்டார்கள்" என்றார். இவ்வளவு வெளிப்படையான மனிதரை ஏமாற்ற மனம் வரவில்லை. வந்து நிற்கிறேன்.

நான் செய்தித்தாள் படிப்பவன். முதற்பக்கத்தைக் காலையில் படித்தால் காப்பி கசந்துவிடுகிறது. ஆகையால் உட்பக்கத்தில் வரும் தொழில்நுட்பச் செய்திகளிலிருந்து தொடங்குவேன். அந்தப் பக்கத்தில் மனித வாழ்வு நாள்தோறும் எளிதாகிக்கொண்டே போகிறது. திங்கட்கிழமை ஒரு கருவி நம் வேலையை மிச்சப்படுத்துகிறது. செவ்வாயன்று அதைவிடச் சிறந்த ஒன்று வந்து அதை மிச்சப்படுத்துகிறது. இத்தனை எளிமையும் தில்லிக்கு வந்து, யமுனையைக் கடந்து, நம் காலனியின் வாசல் வரையில் வந்துவிட்டு, என் வீட்டு எண்ணை மட்டும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போய்விடுகிறது போலும்!

நான் கத்தரித்துப் பத்திரப்படுத்தியிருக்கும் செய்தி ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஜூசெரோ என்றொரு கம்பெனி, சாறு பிழியும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றது. முதலில் சொன்ன விலை 700 டாலர். பிறகு மனமிரங்கி 400 டாலராக்கினார்கள். அந்த இயந்திரத்தில் நீங்கள் வாங்கிவந்த ஆரஞ்சுப் பழத்தைப் போட இயலாது. பழமும் காய்கறியும் நறுக்கி அடைத்த பையை அதே கம்பெனியாரிடம் வாங்கி மாட்ட வேண்டும். இயந்திரத்துக்கு இணையத் தொடர்பும் வேண்டும். பையின்மேல் அச்சிட்ட குறியை அது படித்துப் பார்க்கும்; தேதி கடந்துவிட்டதென்றால் பிழிய மறுத்துவிடும். இந்த மகத்தான காரியத்துக்காகப் பணக்காரர்கள் ஏறக்குறைய 12 கோடி டாலர் முதலீடு செய்திருந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் நிருபர்கள் அந்தப் பையை எடுத்து, இயந்திரத்தில் மாட்டாமல், இரண்டு கைகளாலும் பிழிந்து பார்த்தார்கள். சாறு வந்துவிட்டது! இயந்திரத்தின் வேகத்துக்கு அது குறையவும் இல்லை. செப்டம்பரில் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தக் கம்பெனியில் அதுவரை ஒருவருக்கும் கை இருக்கவில்லையா?" என்று கேட்டாள். தொழில்நுட்பத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

இவ்வாறு சொல்வதைக் கொண்டு என்னை இயந்திர விரோதி என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் சமையலறையின் மூலையில் வெட் கிரைண்டர் ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் முதன்முதலில் இதை உருவாக்கினார். மூலவருக்கு அடுத்தபடி இந்த மனிதரை நம் வீடுகளில் வணங்கத் தகும். மாவரைக்கும் வேலையை அது முழுதாகத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. 'உளுந்து பதமாகிவிட்டதா என்று நீங்களே உறுதி செய்யுங்கள். உறுதி செய்ததற்குப் பதினைந்து ரூபாய் கொடுங்கள்' என்று அது கேட்பதில்லை. தில்லியின் ஜனவரிக் குளிரில் அரைத்த மாவு புளிக்காமல் அடம் பிடிப்பதும், பாத்திரத்துக்கு ரஜாய் போர்த்தி நாம் காவல் இருப்பதும் வேறு கதை. அதற்கு கிரைண்டர் பொறுப்பன்று.

வேலையைத் தான் வாங்கிக்கொள்ளும் இயந்திரம் ஒரு வகை. வேலையை நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு 'வசதி' என்று பெயர் சூட்டும் இயந்திரம் மற்றொரு வகை. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கும் நமக்கு இந்த இரண்டாம் வகையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

பழைய நாளில் கோடை விடுமுறைக்குச் சென்னை போக வேண்டுமானால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பிளாஸ்கில் காப்பியுடன் ரயில் நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்போம். நமக்கு முன்னால் ஒரு செங்கல் நிற்கும். அதற்கு முன்னால் ஒரு பை நிற்கும். இவற்றின் சொந்தக்காரர்கள் எட்டு மணிக்கு வருவார்கள். கவுன்டரில் குமாஸ்தா பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நம்மை அதட்டுவார். அதட்டினாலும், பெயரும் வயதும் எழுதுவது அவர் வேலை. அதட்டலுக்குத் தனியாகக் கட்டணமும் இல்லை. 1980களின் நடுவில் தில்லியில் கணினி முன்பதிவு வந்தது. நல்ல காரியம். 2002இல் வீட்டிலிருந்தே பதிவு செய்யும் முறை வந்தது. டிக்கெட்டை அச்சடித்துக் கூரியர் மூலம் வீட்டுக்கே அனுப்பினார்கள்; அந்தப் பையனை நாங்கள் மாப்பிள்ளையை வரவேற்பது போல வரவேற்றோம். இதுவும் நல்ல காரியமே. முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தையுடன் இருப்பவர்களும் வரிசையில் நிற்கும் துன்பம் ஒழிந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இப்போது நடப்பதைக் கவனியுங்கள். பெயரை நான் அடிக்கிறேன். வயதை நான் அடிக்கிறேன். ஏதோ ஒரு படத்தில் கோணல்மாணலாக எழுதியிருக்கும் எழுத்தைப் படித்து, நான் இயந்திரமல்ல என்று ஓர் இயந்திரத்துக்கு நிரூபிக்கிறேன். சுருங்கச் சொன்னால், ரயில்வே குமாஸ்தாவின் உத்தியோகத்தைச் சம்பளமின்றிப் பார்க்கிறேன். அதற்காக என்னிடம் வசதிக் கட்டணம் வசூலிக்கிறார்கள்! 2016 நவம்பரில் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இதை விலக்கினார்கள். 2019 செப்டம்பரில் மறுபடி விதித்தார்கள். குளிர்சாதன வகுப்புக்கு 30 ரூபாய், மற்றதற்கு 15 ரூபாய், அதன்மேல் வரி வேறு. பணம் பெரிதல்ல. அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் வேற்றுமைத் தொகையைப் பிரம்பின் துணையோடு கற்பித்தவர். 'வசதிக் கட்டணம்' என்பது நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. உருபு தொக்கி நிற்பதைக் கண்டுகொண்டேன். பயனும் எங்கோ தொக்கிவிட்டது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜூலையில் இதற்கு மேலும் ஓர் அணிகலன் பூட்டினார்கள். தத்கல் டிக்கெட்டுக்கு ஆதார் எண்ணோடு இணைந்த தொலைபேசிக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னால்தான் டிக்கெட். தரகர்களின் கொட்டத்தை அடக்க என்றார்கள், நோக்கம் நேர்மையானது. என் ஆதாரோடு இணைந்திருப்பது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனுடைய எண். நான் தில்லியில் பதினோரு மணிக்குப் பொத்தானை அழுத்த, ஓடிபி விந்தியமலையைத் தாண்டிப் பெங்களூர் போய்ச் சேர்ந்தது. மகன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். அவன் வெளியே வந்து எண்ணைச் சொல்வதற்குள் நான் காத்திருப்போர் பட்டியலில் ஐம்பதாவது மனிதனாகிவிட்டேன். எண்ணை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். மாற்றிவிட்டேன். மாற்றுவதற்கு விரல்ரேகை கேட்டார்கள். விரல்ரேகை என்றதும் எனக்கு வேறொரு கதை நினைவு வந்துவிட்டது. உண்மையில் அதைச் சொல்வதற்காகவே செயலாளரின் அழைப்பை ஏற்றுக்கொண்டேன்.

எங்களுடன் என் அத்தை இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆகையால் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன். மாமா மத்திய சர்க்காரில் இருந்து காலமானவர். அத்தைக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. பென்ஷன்தாரர் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் நவம்பரில் சான்று கொடுக்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற முறையைத் தொடங்கினார்கள். கருவியில் விரலை வைத்தால் போதும். ஆதாரில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டு, ஆள் உயிரோடு இருப்பதைக் கணினி ஏற்றுக்கொள்ளும். செய்தியைப் படித்தபோது நானே மகிழ்ந்து அத்தைக்குச் சொன்னேன்.

2019 நவம்பரில் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். வலது கட்டைவிரலை வைத்தார். கருவி ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ஏற்கவில்லை. அங்கிருந்த பிள்ளை நல்லவன். தன் கைக்குட்டையால் அத்தையின் விரல்களைத் துடைத்தான். தண்ணீர் தொட்டுப் பார்த்தான். பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தான். கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு, "மாஜி, மெஷின் நஹீ மான் ரஹா" என்றான். இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லையாம். எதை ஒப்புக்கொள்ளவில்லை? எதிரே நாற்காலியில் அமர்ந்து, மூச்சுவிட்டுக்கொண்டு, அவனுடைய கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர் உயிரோடிருப்பதை!

விரல் நுனியிலுள்ள மேடுகளைத்தான் அந்தக் கருவி படிக்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்து மேடுகள் தட்டையாகின்றன. கைவேலை மிகுதியாகச் செய்தவர்களுக்குத் தேய்ந்தே போகின்றன. அத்தை கல்யாணமாகித் தில்லிக்கு வந்தபோது ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஆட்டுக்கல்லும் கூட வந்தது. கரோல் பாக் வீட்டில் எட்டுப் பேருக்கு அந்தக் கல்லில்தான் மாவு. வெண்கலப் பாத்திரங்களுக்குச் சாம்பலும் புளியும். 1955லேயே கோயம்புத்தூரில் பிறந்துவிட்ட கிரைண்டர் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது 1984இல். அதற்குள் அத்தையின் ரேகைகளில் பெரும்பகுதியை நாங்கள் எல்லாரும் தோசையாகத் தின்று தீர்த்துவிட்டோம்.

அன்று, "இன்னொரு நாள் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அதிகாரி எதிரே பார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் பழைய காகிதச் சான்றும் செல்லும் என்பதை அவர்களும் சொல்லவில்லை; சர்க்காரில் முப்பத்தைந்து ஆண்டு கோப்புப் பார்த்த நானும் விசாரிக்கவில்லை. பிறகு நான் ஏதோ வேலையில் மறந்துவிட்டேன். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் பாஸ் புத்தகத்தைப் பதிந்து பார்த்தபோதுதான் இரண்டு மாதமாகப் பென்ஷன் வரவில்லை என்று தெரிந்தது. அத்தைக்கு முன்னரே தெரியும். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "உன் மாமா போய் இருபது வருஷமாகிறது. இத்தனை நாள் அவரை நினைவில் வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். இப்போது மறந்திருப்பார்கள். கேட்பது நன்றாக இருக்குமா?" என்றார்.

மறுநாள் ஓர் அதிகாரியின் எதிரே அத்தையை உட்கார வைத்தேன். அவர் ஏறிட்டுப் பார்த்தார், "வணக்கம் அம்மா" என்று தமிழிலேயே சொன்னார், கையொப்பமிட்டார். மொத்தம் மூன்று நிமிடம். அடுத்த மாதம் பாக்கி முழுவதும் வந்துவிட்டது.

2021 நவம்பரில் கைப்பேசியின் கேமராவிலேயே முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வழியைக் கொண்டுவந்தார்கள். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். விரலுக்கு நேர்ந்த குறையை முகம் தீர்த்தது. இப்போது அத்தை வீட்டு ஊஞ்சலில் அமர்ந்தபடியே உயிரோடிருக்கிறார். ஒரே ஒரு சங்கடம். படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை என்று அறிவதற்காக, கண்ணைச் சிமிட்டும்படி கைப்பேசி கேட்கிறது. முதல் தடவை அத்தை திடுக்கிட்டு, "இந்த வயதில் யாரைப் பார்த்துச் சிமிட்டுவது?" என்றார். மாமாவின் புகைப்படத்தைக் காட்டினேன். உடனே சான்று வந்துவிட்டது.

2024 ஜூலை 19ஆம் தேதி கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான திருத்தம் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணினிகள் நின்றுபோனதும், நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கையெழுத்து அழகாக இருந்த ஊழியர் யாரோ, அன்று அவருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

நேரமாகிவிட்டதென்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். நம் காலனியில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியே வாழும் பென்ஷன்தாரர்கள் பலர் இருக்கிறார்கள். கருவி ஒப்புக்கொள்ளவில்லை என்றால், குற்றம் தம்முடையதென்று எண்ணிக்கொண்டு வாய்திறவாமல் இருந்துவிடுகிறவர்கள் அவர்களுள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். எனக்கே தெரியாமற் போயிற்று. நவம்பர் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் இரண்டு இளைஞர்கள் கைப்பேசியுடன் அமர்ந்திருப்பார்கள். ஆதார் அட்டையையும் பென்ஷன் ஆணையின் எண்ணையும் கொண்டுவாருங்கள். எண்பது வயது நிறைந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். அவர்கள் வீட்டுக்கு நாங்களே வருவோம். கைப்பேசியும் கைவிட்டால் காகிதப் படிவம் வைத்திருக்கிறேன். அதிகாரியிடம் நானே அழைத்துப் போகிறேன்.

பெயர் கொடுக்க வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஓடிபி கிடையாது. வசதிக் கட்டணமும் கிடையாது.