ஓடும்போதும் விழித்திருப்போம்



மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொன்னார். "மாத்திரை மட்டும் போதாது ஃபாதர், உடம்பு வேர்க்கணும்" என்றார். அன்று முதல், காலைத் திருப்பலிக்கு முன் நடக்கத் தொடங்கினேன். பிறகு மெதுவாக ஓடவும் தொடங்கினேன். காதில் இயர்போன் இருக்கும். கால்கள் தெருவில் ஓடும். மனமோ பங்குப் பேரவைக் கூட்டத்திலும் கோயில் கூரை வேலைக் கணக்கிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் எங்கள் பங்கில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவருடைய மகன் என்னிடம் சொன்னார்: "சாமி, நீங்க ஓடி வர்ற நேரத்துக்கு அம்மா திண்ணையில வந்து உட்கார்ந்துடுவாங்க. உங்களைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு, 'தோத்திரம் சாமி'ன்னு சொல்லுவாங்க. 'சாமி அவசரமாப் போறாரு'ன்னு சொல்லிக்கிட்டே உள்ள வருவாங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. தாயின் பக்தியை நினைத்துத்தான் சொன்னார். எனக்கோ தலைகுனிவாக இருந்தது. எத்தனை மாதங்கள் அந்தத் தெருவில் ஓடியிருப்பேன்! ஒருநாள்கூட அந்தத் தோத்திரம் என் காதில் விழவில்லை. ஒருமுறைகூட நான் கை உயர்த்தி ஆசி அளிக்கவில்லை.

மறுநாள் இயர்போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

செய்வதை முழுக் கவனத்தோடு செய்யும் பழக்கத்தை இன்று 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று சொல்கிறார்கள். நம் திருஅவைக்கும் இது புதிதல்ல. 1548-ஆம் ஆண்டு அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் புனித இஞ்ஞாசியார் ஒரு செபமுறையைக் கற்றுத்தருகிறார். இயேசு கற்பித்த செபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்ல வேண்டும். அடுத்த மூச்சு வரும்வரை அந்தச் சொல்லின் பொருளிலோ, நாம் யாரிடம் பேசுகிறோமோ அவரிடமோ மனத்தை வைக்க வேண்டும். குருமடத்தில் இதைத் தேர்வுக்காகப் படித்தேன். ஐம்பதைக் கடந்த பிறகு, தெருவில் ஓடும்போதுதான் இதைச் செபித்தேன்.

முதல் சில நிமிடங்கள் பாதம் தரையைத் தொடுவதையும், மூச்சு வந்து போவதையும் மட்டும் கவனிக்கிறேன். மூச்சு அதிகம் வாங்கினால் வேகத்தைக் குறைக்கிறேன். பிறகு மூச்சுக்கு ஒரு சொல். மனம் நழுவும், கூரைக் கணக்கு மறுபடியும் வரும். மனத்தைக் கடிந்துகொள்வதில்லை. விட்ட சொல்லுக்குத் திரும்பி வருகிறேன். முப்பது முறை நழுவினால் முப்பது முறை திரும்பி வருவதும் செபமே.

அப்படி ஒருநாள் 'எங்கள்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எங்கள் தந்தை என்கிறோமே, இந்த 'எங்கள்' யார்? சைக்கிளில் போகும் பால்காரர், வாசல் தெளிக்கும் பெண், கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகள். கவனம் நம் மூச்சோடு நின்றுவிட்டால் அது வெறும் உடற்பயிற்சி. அடுத்தவர் முகம்வரை போனால்தான் அது செபம்.

யோவான் நற்செய்தியில், உயிர்ப்பு நாள் காலையில் பேதுருவும் மற்றச் சீடரும் கல்லறைக்கு ஓடுகிறார்கள். மற்றச் சீடர் முந்திக்கொள்கிறார். ஆனால் முதலில் வந்தவர் முதலில் நுழையவில்லை. குனிந்து பார்க்கிறார், பின்னால் வருகிறவருக்காக நிற்கிறார். பிறகு உள்ளே சென்று, கண்டு, நம்புகிறார். வேகமாக ஓடியவருக்கு நிற்கவும் தெரிந்திருந்தது.

அன்பர்களே, எல்லாராலும் ஓட முடியாது. ஆனால் எல்லாரும் ஏதோ ஒரு தெரு வழியாகத்தான் போகிறோம். நாளைக் காலை பேருந்து நிறுத்தம்வரை கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். யாரோ ஒருவர் உங்கள் முகத்துக்காகக் காத்திருக்கலாம்.

அந்தத் திண்ணை இப்போது வெறுமையாக இருக்கிறது. ஆனாலும் அதைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, கை உயர்த்தி ஆசி அளிக்கிறேன். தாமதமான ஆசிதான். உங்களுக்கு அந்தத் தாமதம் நேராதிருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.