கைக்கும் படத்துக்கும் போட்டி இல்லை

புனே வானவடியில் நடந்த மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, "நோட்டீஸில் அந்த வார்த்தையை அப்படியே அச்சிடலாமா?" என்றும் சேர்த்துக் கேட்டார்கள். அச்சிடத்தான் வேண்டும் என்றேன். பெயர் சொல்லவே கூச்சப்படும் ஒரு வியாதியை, உரிய காலத்தில் டாக்டரிடம் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்?

நான் ஒரு ரேடியாலஜிஸ்ட். எக்ஸ்ரே, ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது முப்பது வருஷமாக என் தொழில். ராணுவ மருத்துவக் கல்லூரியும் பெரிய ஆஸ்பத்திரிகளும் கூப்பிடு தூரத்தில் உள்ள வானவடியில் வசிக்கிறோம். ஆகவே மெஷின் இல்லை என்ற குறை நமக்குக் கிடையாது. அந்த மெஷினுக்கு முன்னால் எப்போது போய் நிற்க வேண்டும், வந்த ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஒரே வருடத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 2,70,000க்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 43,000. நோய் அங்கேதான் அதிகம், மரணம் இங்கேதான் அதிகம். எல்லோருக்கும் முழுச் சிகிச்சை கிடைக்காதது ஒரு காரணம். நாம் தாமதமாக வருவது மற்றொரு காரணம். இரண்டாவது காரணம் நம் கையில் இருக்கிறது.

ஏன் தாமதம்? என் அறையில் நான் கேட்ட பதில்களையே சொல்கிறேன். "வலிக்கவே இல்லையே டாக்டர்." ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. "எங்காத்துல யாருக்கும் இது வந்ததில்லை." இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது, மரபணு வழியாக வருவது நூற்றில் ஐந்திலிருந்து பத்து வரைதான். "நாங்க சுத்த சைவம்." சைவம் நல்லதுதான், ஆனால் அது காப்புக் கயிறு அல்ல. வயது ஏறுவது, முதல் பிரசவம் தாமதமாவது, மாதவிடாய் நின்றபின் எடை கூடுவது எல்லாம் சைவர்களுக்கும் உண்டு.

ஒரு மாமி, வயது 61. கட்டி இருப்பது தெரிந்தே பெண்ணின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய், ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். "குழந்தை பொறக்கற சமயத்துல இதைச் சொல்லி அவளை ஏன் பயமுறுத்தணும்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். வந்து படம் எடுத்தபோது கட்டி தோலைத் தொட்டிருந்தது, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. சிகிச்சை நடந்தது, இன்று நடமாடுகிறார். ஆனால் போவதற்கு முன்பே வந்திருந்தால் மார்பகத்தை முழுவதுமாக எடுக்காமல் சிறிய ஆபரேஷனோடு முடிந்திருக்கக் கூடும். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே தனியாக என்று நம் சமூகத்தில் எத்தனை வீடுகள்! அவர்களுக்குக் கவலை தரக்கூடாது என்று மறைப்பது, பின்னால் பெரிய கவலையைத்தான் தருகிறது.

நமக்குப் பக்கத்து ஊரான மும்பையில் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றி நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி, டாக்டர் இந்திரநீல் மித்ராவின் தலைமையில் 1998இல் அதை ஆரம்பித்தது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று நான்கு தடவை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மறுபாதிப் பேருக்கு நோயைப் பற்றிய விழிப்புணர்வு மட்டும். இருபது வருடத்துக்கும் மேல் கழித்து 2021இல் முடிவு வெளியானது. முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதனை செய்த பிரிவில் நூற்றுக்கு 37, மற்றதில் 47. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களில் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த மெஷினும் இல்லாமல், பழகிய ஒரு கையால் மட்டுமே கிடைத்த பலன் இது.

"அப்படியானால் மேமோகிராம் எதற்கு?" என்று கேட்பீர்கள். கைக்கு அகப்படுவதற்கு முன்பே கட்டியைக் காட்டக்கூடியது அது. 1913இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற சர்ஜன், ஆபரேஷனில் அகற்றிய சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்றுநோய் உள்ள சில இடங்களில் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மாவில் கலந்த ரவை போல இருக்கும் அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகளைத்தான் இன்றும் நாங்கள் தேடுகிறோம். "நான் கால்சியம் மாத்திரை சாப்பிடறேன், அதனாலதான் இருக்குமோ?" என்று பலர் கேட்பார்கள். சம்பந்தமே இல்லை, மாத்திரையை நிறுத்த வேண்டாம். இந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை கெடுதல் இல்லாதவை. கொத்தாக, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால்தான் சந்தேகம்.

படம் எடுக்கும்போது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். சில விநாடி சங்கடமாக இருக்கும். அழுத்தினால்தான் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விலகும், கதிர்வீச்சின் அளவும் குறையும். அந்தக் கதிர்வீச்சும், சும்மா வீட்டில் இருந்தாலே ஏழெட்டு வாரத்தில் இயற்கையாக நம்மேல் படும் அளவுதான். இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. போன் செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அன்றைக்கு அக்குளில் பவுடரோ டியோடரண்டோ வேண்டாம், படத்தில் அது புள்ளியாகத் தெரியும். மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. பழைய படங்களைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். போன தடவை இல்லாதது இந்தத் தடவை வந்திருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

இந்த மெஷினுக்கும் குறை உண்டு. மார்பகத்தில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும். கட்டியும் வெள்ளைதான். இளம் வயதில் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். சிலருக்கு அறுபதிலும் அப்படித்தான். தயிர் சாதத்தில் உப்புக்கல்லைத் தேடுகிற கதைதான். மொத்தத்தில் எட்டுப் புற்றுநோயில் ஒன்றை மேமோகிராம் தவறவிடுகிறது. அடர்த்தி அதிகமானால் இன்னும் கூடுதலாகத் தவறும். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல், அடர்த்தி எப்படி என்பதை ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று போட்டிருப்பார்கள். சி அல்லது டி என்றால் அடர்த்தியானது. "எனக்கு ஸ்கேனும் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் புதிய முறைகள் வந்தன. பிலிமுக்குப் பதில் டிஜிட்டல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் அடர்த்தி அதிகம் உள்ளவர்களுக்கும் டிஜிட்டல் மேலானது என்று தெரிந்தது. அடுத்தது டோமோசிந்தசிஸ் எனும் முப்பரிமாண மேமோகிராம். இதற்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. மூடிய புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கும், பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பழையதற்கும் இதற்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை. நீர்க்கட்டியா, கெட்டியான கட்டியா என்று அது சொல்லிவிடும். முப்பது வயதுக்குள் கட்டி தென்பட்டால் முதலில் ஸ்கேன்தான்.

எம்.ஆர்.ஐ. இவற்றிலெல்லாம் கூர்மையானது. மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு மேமோகிராமுக்கு மேல் எம்.ஆர்.ஐ.யும் செய்து பார்த்தார்கள் நெதர்லாந்தில். அடுத்த பரிசோதனைக்கு முன்பே நோய் தலைகாட்டுவது, ஆயிரத்துக்கு 5 பேரிலிருந்து 2.5 பேராகக் குறைந்தது என்று 2019இல் அறிவித்தார்கள். ஆனால் செலவு அதிகம். நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். ஒன்றுமில்லாததையும் அது சந்தேகமாகக் காட்டும். ஆகவே எல்லோருக்கும் அல்ல, பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், அதுபோன்ற அதிக அபாயம் உள்ளவர்களுக்கும் வருடந்தோறும் தேவைப்படும்.

ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, கெடுதல் இல்லை. 3 என்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் பயாப்ஸி செய்தாக வேண்டும். 6 என்பது ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானது. 0 என்று பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். அது நிம்மதி அல்ல. படம் போதவில்லை, மேலும் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்காக நடுங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் நூறு பேருக்கு மேமோகிராம் எடுத்தால் சுமார் பத்துப் பேரைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

இப்போது நான் சொல்லப் போவதை மட்டுமாவது மறக்காதீர்கள். 44 வயதுப் பெண் ஒருவர், கையில் கட்டி தட்டுப்பட்டு மேமோகிராம் எடுத்துக்கொண்டார். "நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அடர்த்தி அதிகம் என்ற வரியும் அதே ரிப்போர்ட்டில் இருந்தது. யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது, ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. கைக்குக் கட்டி தட்டுப்பட்டால், படம் நார்மல் என்று வந்தாலும் விடக்கூடாது. ஸ்கேன், தேவையானால் ஊசி பயாப்ஸி வரை போய் முடிவு தெரிந்தாக வேண்டும். கைக்குத் தெரியாததைப் படம் காட்டும். படத்துக்குத் தப்பியதைக் கை காட்டும்.

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பயம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. அது உண்மை அல்ல. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே சிறு துணுக்கு எடுப்பார்கள். அன்றே வீட்டுக்கு வரலாம். எந்த வகைப் புற்று, எந்த மருந்து கேட்கும் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். நோய் உறுதியான பிறகும் படத்தின் வேலை முடிவதில்லை. கீமோவில் கட்டி கரைந்து மறையலாம் என்பதால், இருந்த இடத்துக்கு அடையாளமாக முன்கூட்டியே சின்ன உலோகக் கிளிப் ஒன்றை வைக்கிறோம். சாயமோ ஐசோடோப்போ செலுத்தி, அக்குளின் முதல் நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை எடுப்பதில்லை, கை வீங்கும் தொல்லையும் குறைகிறது. தக்க நிலையில் வந்தவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்சிகிச்சை தந்தாலும், முழு மார்பகத்தை எடுத்தாலும் ஆயுள் ஒன்றுதான் என்று, இருபது வருடம் தொடர்ந்து கவனித்து இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 2002இல் நிரூபித்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்கிறீர்கள். ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த ஆய்வின் முதல் முடிவு 2023இல் வந்தது. கம்ப்யூட்டரின் துணையோடு படித்தபோது டாக்டர்களின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது; கண்டுபிடிப்பு குறையவில்லை. ரேடியாலஜிஸ்ட்கள் குறைவாக உள்ள நம் நாட்டுக்கு இது நல்ல செய்தி. ஆனால் "தொட வேண்டாம், அழுத்த வேண்டாம்" என்று முகாம்களில் காட்டும் வெப்பப் படத்தை மேமோகிராமுக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைத் தெளிவாக எச்சரித்திருக்கிறது. எந்த மையத்துக்குப் போனாலும், மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன? நம் அரசு 2016இல் வகுத்த திட்டப்படி 30 வயது முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கைப் பரிசோதனை உண்டு. மேமோகிராமுக்கு வாருங்கள் என்று இங்கிலாந்தைப் போல வீட்டுக்குக் கடிதம் வராது, நாமே போக வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கலந்துகொண்டு தொடங்கலாம். 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஐம்பதைத் தாண்டியவர்கள் தள்ளிப்போட வேண்டாம். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால் முன்னதாகவே டாக்டரைப் பாருங்கள். புதிதாகக் கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, அக்குளில் நெறி என எது தெரிந்தாலும் அந்த வாரமே போக வேண்டும், எந்த வயதானாலும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் இது வரும்; இந்த நோய் வரும் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். அதைவிட முக்கியமாக, வருடா வருடம் உங்கள் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்துக்கொள்ளும்போது, ஆத்துக்காரிக்கும் ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள். செலவு ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலையைவிடக் குறைவுதான். வெளியூரில் இதைப் படிக்கும் பிள்ளைகள், இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்யும்போது, "சாப்பிட்டியா" என்பதோடு "மேமோகிராம் எப்போ எடுத்துண்டே" என்றும் கேளுங்கள். பதில் சொல்லக் கூச்சப்பட்டால் அடுத்த வாரமும் கேளுங்கள்.