உடைஞ்ச தாடைக்கு பிளேட் எங்க வைக்கணும்?

இன்னைக்குக் கொஞ்சம் வலிக்கிற டாபிக். பைக்லேர்ந்து விழுந்து கீழ்த்தாடை உடைஞ்சா எப்படிச் சேர்ப்பாங்க? நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆளு. ஆனா இதுக்குள்ள நாம காலேஜ்ல படிச்ச மெக்கானிக்ஸ் இருக்கு.

பழைய முறையில, மேல் பல்லையும் கீழ் பல்லையும் கம்பியால சேர்த்துக் கட்டிடுவாங்க. 4 முதல் 6 வாரம் வாயைத் திறக்க முடியாது, நீராகாரம்தான். வாந்தி வந்தா மூச்சடைக்கும்னு கம்பி வெட்டுற கட்டர் பக்கத்துலயே இருக்கணும்.

அடுத்து வந்தது தடிமனான பிளேட். தாடைக்குக் கீழ தோலை வெட்டி, எலும்போட கீழ் விளிம்புல இறுக்குவாங்க. தழும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கீழ் உதட்டை அசைக்கிற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. அதுல அடிபட்டா சிரிப்பே கோணிடும்.

1970கள்ல பிரான்ஸோட ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துல, மாக்சிம் ஷாம்பிங்கிற சர்ஜனும் அவர் குழுவும், கடிக்கும்போது விசை எங்க விழுதுன்னு ஆராய்ஞ்சாங்க. கடிக்கிறப்போ உடைஞ்ச இடத்தோட மேல் விளிம்பு பிரியப் பார்க்கும், அது இழுவிசை. கீழ் விளிம்பு தானாவே நெருங்கும், அது அமுக்கவிசை. அப்போ பிரியற இடத்தைப் பிடிச்சா போதுமே! தாடை மூலையில ஒரே ஒரு சின்ன பிளேட், வாய்க்குள்ளேர்ந்தே வைக்கலாம். முன்பக்கம் முகவாய்ல முறுக்குவிசையும் இருக்கறதால ரெண்டு. ஸ்க்ரூ எலும்போட வெளி அடுக்குலயே நின்னுடும். பல் வேருக்கும் உள்ள ஓடுற நரம்புக்கும் ஆபத்து குறைவு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. எலும்பு நொறுங்கியிருந்தா முழு பாரத்தையும் தாங்க பெரிய பிளேட்தான் வேணும். காதுக்கு முன்னாடி, மூட்டுகிட்ட உடைஞ்சா சில பேருக்கு ஆபரேஷனே தேவைப்படாது.

எந்த முறையானாலும் டாக்டர் முதல்ல பார்க்கிறது, பல் பழையபடி பொருந்துதாங்கிறதைத்தான். நீங்களும் அதையே பாருங்க. விழுந்த பிறகு மேல், கீழ் பல் சரியா சேரலன்னாலோ, கீழ் உதடு மரத்துப் போனாலோ, "வீக்கம்தான், வடிஞ்சிடும்"னு விட்டுடாதீங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் முகத்தாடை சர்ஜன்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, அரை ஹெல்மெட் முகவாயை மூடாது. அடுத்த தடவை வாங்கும்போது முழுசா மூடுறதா பார்த்து வாங்குங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!