வீடியோ இருந்தாதான் நம்புவாங்களா?

போன பௌர்ணமிக்கு ஊருக்கு, அதாவது திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். கிரிவலம் முடிச்சுட்டு கால் வலியோட திண்ணையில உட்கார்ந்திருந்தப்போ, எங்க தெரு அக்கா ஒருத்தங்க வந்தாங்க.

"தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைதானே? அவர் என்னை அடிச்சதை என் பொண்ணு என் போன்ல வீடியோ எடுத்தா. அவர் பார்த்துடுவாரேன்னு தங்கச்சிக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு அழிச்சுட்டேன். கோர்ட்ல அது செல்லுமா?"

எனக்குப் பதில் தெரியல. படிச்சேன், ஒரு வக்கீல்கிட்டயும் கேட்டேன்.

2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய சாக்ஷ்ய அதிநியம்தான் நம்ம சாட்சியச் சட்டம். அதோட 63-வது பிரிவுப்படி, வீடியோ காப்பியைக் கோர்ட்ல கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கொடுக்கணும். அதுல ஃபைலோட ஹேஷ் மதிப்பைக் குறிக்கணும். ஹேஷ்ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரே ஒரு பிட் மாறினாலும் அது மாறிடும்.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா வீடியோ சுருங்கிடும், ஹேஷும் வேற ஆயிடும். அதுக்காக அந்தக் காப்பி செல்லாதுன்னு இல்ல. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் "ஒரிஜினல் எங்கே?"னு கேட்பார். 'டாக்குமெண்ட்'டா அனுப்பினா ஃபைல் மாறாம அப்படியே போகும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

அக்கா போன்ல ட்ராஷ் வரைக்கும் தேடினோம். இல்ல. தங்கச்சி போன்ல இருக்கிறதை யாரும் தொட வேண்டாம்னு சொன்னேன். அப்போ அக்கா கேட்டாங்க: "வீடியோ இல்லன்னா நான் சொல்றதை நம்பவே மாட்டாங்களா தம்பி?"

அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. 2019-ல ஐதராபாத்ல, ஓய்வுபெற்ற ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியோட மருமகள் ஏப்ரல்லயே போலீஸ்ல புகார் கொடுத்துட்டாங்க. நாடே அதைப் பேசினது, வீட்டு சிசிடிவி காட்சி செப்டம்பர்ல வெளியே வந்த பிறகுதான்.

ஆனா சட்டம் அப்படிச் சொல்லல. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல 32-வது பிரிவு இருக்கு. கோர்ட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினார்னு, அந்தப் பெண்ணோட சாட்சியத்தை மட்டுமே வச்சு நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். அவங்க வாய்வார்த்தையும் சாட்சிதான்.

அதனால வீடியோ இருந்தா பத்திரப்படுத்துங்க, குரூப்ல போடாதீங்க. இல்லன்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க, இன்னொரு அடி வாங்கி ஆதாரம் சேர்க்க வேண்டாம். 181-க்கு போன் பண்ணுங்க. உங்க மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்க.

அக்கா போன வாரம் 181-க்குப் பேசிட்டாங்க. வீடியோ பத்தி கடைசியிலதான் சொன்னாங்களாம்.