வெற்றிடத்தோடு 36 வருஷங்கள்

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"மூன்று உத்தியோகம் மாறினேளே, எதற்காக?" என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நான் மாற்றிக்கொண்டது இடத்தைத்தான். வேலை ஒன்றே: காற்றை எடுத்துவிட்ட பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது.

1968-ல் எம்.எஸ்ஸி. பௌதிகம் முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தேன். கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து எடுத்துவிட்டு, டங்ஸ்டன் கம்பிச் சுருளில் அலுமினியத் துண்டை வைத்துச் சூடேற்றினால், அது ஆவியாகி எதிரே உள்ள கண்ணாடியில் படியும். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் முகம் தெரியும். ஐந்து வருஷம் அதுவே. டாக்டர் பட்டமும் கிடைத்தது.

1973-ல் டி.வி. படக்குழாய் செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். "பென்ஷன் உள்ள இடத்தை விட்டு ஷிப்டு வேலைக்கா?" என்று அப்பா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அங்கேயும் அதே அலுமினியப் படலம்தான். திரையின் உட்புறம், ஒளிரும் பூச்சுக்குப் பின்னால் அதைப் படியவைத்தால், உள்பக்கம் வீணாகும் வெளிச்சம் முன்பக்கம் திரும்பிவிடும்.

வித்தியாசம் வேறு இடத்தில். ஆய்வகத்தில் பத்தில் ஒன்று நன்றாக வந்தால் கட்டுரை எழுதலாம். தொழிற்சாலையில் பத்தில் ஒன்று கெட்டால் மேலாளர் கூப்பிடுவார். விரலிலிருந்து ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு போதும், படலம் உரிந்து வர. கழுவும் தண்ணீர், கையுறை, துடைக்கும் துணி என எல்லாவற்றுக்கும் கணக்கெழுத அங்கேதான் பழகினேன். டாக்டர் பட்டம் இதைச் சொல்லித்தரவில்லை.

1979-ல் விண்வெளித் துறைக்கு வந்தேன். "இதிலாவது பென்ஷன் உண்டா?" என்றார் அப்பா. இருந்தது! 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டா, பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையின் ஷெட்டுகளில் உருவானது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய யு.ஆர். ராவ் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பௌதிகக்காரர். ஆகவே எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ரயிலில் காபி கொண்டுபோகிறோமே, அந்த பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவில் வெற்றிடம், வெள்ளிப் பூச்சு. சூடு வெளியே போகாது. செயற்கைக்கோளைச் சுற்றியும் வெற்றிடம்தான். ஆனால் உள்ளே கருவிகள் சூடாகிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றியாக வேண்டும். காற்றில்லாததால் கதிர்வீச்சு ஒன்றே வழி. எனவே மெல்லிய கண்ணாடித் துண்டுகளின் பின்புறம் வெள்ளி பூசி வெளிப்பக்கத்தில் ஒட்டுவோம். வெள்ளி வெயிலைத் திருப்பி அனுப்பும். கண்ணாடி உள்சூட்டைக் கதிராக வெளியேற்றும். சூடு வரவும் போகவும் கூடாத பாகங்களுக்குப் பொன்னிறப் போர்வை. அது தங்கமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தங்கமே இல்லை. பின்புறம் அலுமினியம் பூசிய, இயல்பிலேயே மஞ்சளான பாலிஇமைடு பிளாஸ்டிக் தாள், பல அடுக்காக.

இன்னொரு வேடிக்கை. பென்சிலில் உள்ள கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் சட்டென்று தேய்ந்துபோனது இதனால்தான். விண்வெளியில் மாலிப்டினம் டைசல்ஃபைடு பூச வேண்டும். அதற்கு ஈரம் தேவையில்லை.

பசை, ரப்பர், வர்ணம் எதுவானாலும் முதலில் வெற்றிடத்தில் 125 டிகிரி செல்சியஸ் சூட்டில் 24 மணி நேரம் வைப்போம். எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வெளிவந்த ஆவி குளிர்ந்த தகட்டில் 0.1 சதவீதத்துக்கு மேல் படிந்தாலோ, பொதுவாக அந்தப் பொருள் வேண்டாம். மேலே போனபின் அந்த ஆவி காமிரா லென்ஸில் படிந்தால் துடைக்க ஆள் கிடையாது. விரல் பிசுக்கோடு ஆறு வருஷம் மல்லாடியவனுக்கு இது பழகிய சண்டை. அந்த ஷிப்டு வேலையைப் பார்க்காமல் நேராக இங்கே வந்திருந்தால், பாதி நாள் திணறியிருப்பேன்.

2004-ல் ஓய்வு பெற்றேன். அந்தப் பொன்னிறத் தாளின் மாதிரித் துண்டு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், மேஜைமேல் இருக்கிறது. குழந்தைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம். இதற்குக் கையுறை வேண்டாம்.