ரெஞ்ச் சரியா இருந்தும் போல்ட் ஏன் உடையுது?

திருக்கழுக்குன்றத்துல இருந்து மாமல்லபுரத்துக்கு டாக்ஸி ஓட்டுற ஒரு அண்ணன் கேள்வி அனுப்பியிருக்கார். எஞ்சின் வேலை முடிச்சு ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது, ஒரு போல்ட் பிளாக்குக்குள்ளயே உடைஞ்சிருக்கு. "புத்தகத்துல இருக்குற அளவைத்தான் வெச்சேன், டார்க் ரெஞ்ச் க்ளிக் ஆகுறதுக்கு முன்னாடியே உடைஞ்சிடுச்சு"ன்னு சொல்றார் மெக்கானிக். "உங்க ரெஞ்ச்தான் தப்பு"ங்கிறார் அண்ணன். உடைஞ்ச துண்டை எடுக்குற செலவை யார் தர்றது? வண்டி நிக்குற ஒவ்வொரு நாளும் அவருக்கு வருமானம் போகுது.

முதல்ல ரெஞ்சைப் பார்ப்போம். ஐஎஸ்ஓ 6789 தரப்படி, 10 நியூட்டன் மீட்டருக்கு மேல, க்ளிக் ரெஞ்ச் கூடக்குறைய 4 சதவீதத்துக்குள்ள இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை, இல்லன்னா 5,000 க்ளிக்குக்கு ஒரு தடவை சரிபார்க்கணும். அதோட, பெரிய ரெஞ்சை அதோட அளவுகோலின் அடிமட்டத்துல நம்பக்கூடாது. 200 வரைக்கும் போற ரெஞ்சை வெச்சு, 10 நியூட்டன் மீட்டர் போதும்ங்கிற சின்ன போல்ட்டை முறுக்கினா, க்ளிக் வர்றதுக்குள்ள போல்ட் போயிடும். அதுக்குச் சின்ன ரெஞ்ச் வேணும்.

ஆனா ரெஞ்ச் சரியா இருந்தாலும் போல்ட் உடையும். ஏன்னா ரெஞ்ச் அளக்குறது முறுக்கை; நமக்கு வேண்டியது போல்ட் ஹெட்டை அழுத்திப் பிடிக்குற விசை. நாம கொடுக்குற முறுக்குல ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில உராய்வுக்கே போயிடுது. இன்னொரு 40 சதவீதம் திரெட் உராய்வுல போகுது. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து, ஹெட்டை அழுத்துது.

அதனால உராய்வு மாறினா கணக்கே மாறிடும். காய்ந்த திரெட்டுக்கு உராய்வுக் கெழு சுமார் 0.2னு எடுத்துப்பாங்க, எண்ணெய் போட்டா 0.15 பக்கம் வரும். காய்ந்த திரெட்டுக்குச் சொன்ன முறுக்கை எண்ணெய் போட்ட போல்ட்டுக்குக் கொடுத்தா, இழுவிசை மூணுல ஒரு பங்கு கூடிடும். ரெஞ்ச்ல வர்ற பிழை 4 சதவீதம், ஒரு சொட்டு எண்ணெய்ல வர்றது 33 சதவீதம்! ஏற்கெனவே நீண்டுபோன பழைய போல்ட் அதைத் தாங்கும்னு எதிர்பார்க்க முடியாது. அடி மூடின துளையில எண்ணெய் தேங்கி நின்னா, போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியில்லாம பிளாக்கையே பிளக்கலாம்.

கடலோரத்துல ஓடுற வண்டிக்கு இதுக்கு நேர் எதிரான பிரச்சினையும் வரும். உப்புக்காத்துல துருப்பிடிச்ச திரெட், முறுக்கையெல்லாம் உராய்வுலயே தின்னுடும். க்ளிக் வந்துடும், ஆனா பிடிப்பு இருக்காது. போல்ட் உடையாது, கொஞ்ச நாள்ல கேஸ்கெட் போகும்.

அதனாலதான் இப்போ நிறைய எஞ்சின்கள்ல ஹெட் போல்ட்டுக்கு முதல்ல குறைவான முறுக்கு, அப்புறம் 90 டிகிரி மாதிரி ஒரு கோணம்னு கொடுக்குறாங்க. கோணத்தால திருப்பும்போது உராய்வோட ஆதிக்கம் குறையும். ஆனா இந்த போல்ட் வேணும்னே நீளுற எல்லைக்குக் கொண்டுபோகப்படுது. நிறைய கம்பெனிகள் திரும்பப் போடாதீங்கன்னே சொல்லும்.

அண்ணனுக்கு என் பதில்: ரெஞ்சைப் பத்திச் சண்டை போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. போல்ட் புதுசா, பழசா? புத்தகம் எண்ணெய் போடச் சொல்லுதா, வேண்டாம்ங்குதா? துளையைச் சுத்தம் பண்ணி, எண்ணெயும் தண்ணியும் இல்லாம காத்தடிச்சாங்களா? மூணுக்கும் சரியான பதில் வந்தா, அப்போ ரெஞ்சைச் சோதனைக்கு அனுப்பலாம். வரலைன்னா பேச வேண்டிய விஷயம் வேற. அடுத்த எஞ்சினுக்கு, வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே இந்த மூணையும் கேட்டுடுங்க. போல்ட் செட் விலை, உடைஞ்ச துண்டை எடுக்குற செலவைவிடக் குறைவாத்தான் இருக்கும்.