சேற்றுக்குள் இருக்கும் கரி



தாராவியில் ஏது காடு என்று கேட்பீர்கள். சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தை நோக்கிப் போகிறது. அதன் கரையில் குட்டையாக, பச்சையாக மரங்கள் நிற்கின்றன. அதுதான் காடு. தமிழில் கண்டல் காடு, அலையாத்திக் காடு என்பார்கள். பிச்சாவரத்தில் இருப்பதும் இதே வகைதான். மராத்தியில் காந்தள்வன். செம்பூரை அடுத்த மாகுல் கழிமுகத்திலும் இந்தக் காடு உண்டு.

மரத்தைப் பார்த்தால் பெரிய சொத்தாகத் தெரியாது. சொத்து காலுக்குக் கீழே, சேற்றில் இருக்கிறது.

அடுப்பில் விறகு பாதி எரிந்து அணைந்தால் கரி மிஞ்சுகிறது. விறகுக்குள் இருந்த கரிதான் அது. விஞ்ஞானிகள் அதைக் கார்பன் என்கிறார்கள். மரத்துக்கு அது எங்கிருந்து வந்தது? காற்றில் உள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. மரம் மட்கினால் கரி மறுபடி வாயுவாகிக் காற்றுக்கே போய்விடும்.

கண்டல் சேற்றில் கதை வேறு. நாளுக்கு இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்குகிறது. வண்டல் படிகிறது. விழுந்த இலையும் செத்த வேரும் அதில் புதைகின்றன. உள்ளே காற்று புகாது. அதனால் மட்கும் வேலை மிக மெதுவாக நடக்கிறது. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் விடும் வாயு. மித்திக் கரையில் சாக்கடை நாற்றமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பழியை மரத்தின் மேல் போடக்கூடாது!

சேற்றில் எவ்வளவு கரி இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குத்துமதிப்பாகச் சொன்னால் அது விஞ்ஞானம் ஆகாது. நீர் வற்றும் நேரத்தில் நீளவாக்கில் திறந்த ஓர் இரும்புக் குழாயைச் சேற்றில் இறக்குகிறார்கள். திருகி மேலே எடுத்தால் சேறு உருளையாக வரும். மேல் சேறு, நடுச் சேறு, அடிச் சேறு என்று தனித்தனியாக வெட்டுகிறார்கள். எந்தத் துண்டு எந்த ஆழத்தில் எடுத்தது என்று குறிக்கிறார்கள். பிறகு மிதமான சூட்டில் காயவைக்கிறார்கள். எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் கணக்கு வரும் அல்லவா? காய்ந்ததில் ஒரு சிட்டிகையை எடுத்து உலையில் எரிக்கிறார்கள். குறைந்த எடையிலிருந்து கரியின் அளவு தெரியும்.

இதில் ஒரு சிக்கல். சேற்றில் சிப்பித் துண்டு இருக்கும். அதில் உள்ள கரி இலையிலிருந்து வந்ததல்ல. அதை நீக்கவேண்டும். நகரத்துச் சேற்றில் பிளாஸ்டிக்கும் இருக்கும். அதுவும் உலையில் எரியும். பொறுக்கி எடுக்காவிட்டால் கணக்கு பொய்யாகும். ஒரே குழியை நம்பவும் கூடாது. கரையோரம், நடு, உட்பக்கம் என்று பல இடங்களில் எடுக்கவேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. காய்ந்த சேறு ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராம் என்று வையுங்கள். அதில் 100க்கு 4 பங்கு கரி. அப்படியானால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் 20 கிலோ கரி. ஓர் ஏக்கருக்குச் சுமார் 80 டன்! சேற்றைத் தோண்டிக் காற்றுபட வைத்தால் இந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகும். ஒரு கிலோ கரி மூன்றரைக் கிலோவுக்கும் மேல் கரியமில வாயு ஆகிவிடும். பூமியைச் சூடாக்குவது அந்த வாயுதான்.

இந்தியப் பெருங்கடல், பசிபிக் கடல் பகுதிகளில் 25 கண்டல் காடுகளை இப்படி அளந்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது. ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரி இருந்தது. சில காடுகளில் பாதி, சில காடுகளில் கிட்டத்தட்ட முழுவதும் மண்ணுக்குள்தான் இருந்தது.

மும்பையில் இந்தச் சேற்றை மூடியது யார்? குடிசைவாசிகள் என்று சொல்வது சுலபம். தாராவி முதலில் கோளி மீனவர்களின் ஊர். கழிமுகம் தூர்ந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று. பிறகு வந்த ஏழைகள் சதுப்பில் மண் கொட்டித்தான் குடிசை போட்டார்கள். உண்மைதான். ஆனால் எதிர்க்கரையில் பாந்த்ரா - குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களும் சதுப்பை மூடித்தான் எழுந்தன. ஏழைக்கு ஒரு கணக்கு, பணக்காரருக்கு ஒரு கணக்கு என்று சேறு பார்ப்பதில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி பொங்கியது. தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் கண்டல் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. காட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டடம் கட்டக்கூடாது என்றது. 2018இல் இறுதித் தீர்ப்பும் அதை உறுதி செய்தது.

தாராவியை ஒட்டி மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். ஒரு காலத்தில் அது குப்பைமேடு. குப்பை கொட்டுவதை நிறுத்தி, மரம் நட்டு, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அது நிழல் தருகிறது, பறவை வருகிறது. ஆனால் அந்த மேட்டில் கடல்நீர் ஏறி இறங்குவதில்லை. வண்டல் படிவதும் இல்லை. அது பூங்காவின் மித்திக் கரை ஓரத்தில்தான் நடக்கிறது. நீர் வற்றும்போது அங்கே போய்ப் பாருங்கள். கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் பென்சில் நட்டதுபோல் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்.